முதுகில் கை வைப்பதற்கு முன்

கேள்வி: பர்மாவில், பெகுவில் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு 12, 13 வயது. லோயிஸ் லோரி எழுதிய 'தி கிவர்' நாவலைச் சில வாரங்களாக அவர்களுக்குக் கதையாகச் சொல்லி வந்தேன். ஒரு பிள்ளையின் அம்மா வந்து, "பன்னிரண்டு வயசுப் பையன் தலையில் அந்தக் கிழவர் ஏன் இவ்வளவு பாரத்தை ஏத்துறார்? அவரெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் நல்ல ஆசிரியர்தானா? நம் வீடுகளிலும் 42 இருக்கிறது, ஜப்பான் குண்டுக்குப் பயந்து ஓடிய வருஷம்; 64 இருக்கிறது, கடைகள் பறிபோன வருஷம். அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா?

பதில்:

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழவர் நல்ல ஆசிரியர்தான். ஆனால் ஒரு நாள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். செய்ததை உணர்ந்து அந்தப் பையனிடமே மன்னிப்பும் கேட்டார். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன். நம் வீடுகளில் நடப்பதும் அதுதான்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற நாவல். அதில் வரும் ஊரில் பசி இல்லை, போர் இல்லை. நிறமும் இல்லை, பனியும் இல்லை, மேடு பள்ளமும் இல்லை. வலி வராமல் இருக்க எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டார்கள். பழைய உலகத்தின் நினைவுகள் முழுவதையும் ஒரே ஒரு கிழவர் மட்டும் சுமக்கிறார். ஊரை நடத்தும் பெரியவர்களுக்குப் புரியாத சிக்கல் வந்தால் அவரிடம் யோசனை கேட்பார்கள். ஒரு முறை வேலைக்கு ஆள் கூடட்டும் என்று பிறப்புகளை அதிகப்படுத்த நினைத்தார்கள். பஞ்சம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். வேண்டாம் என்றார், விட்டுவிட்டார்கள். மற்ற நாட்களில் அவரை யாரும் தேடுவதில்லை. அவருக்கு அடுத்த ஆளாக ஜோனஸ் என்ற பையனை 12 வயதில் தேர்ந்தெடுக்கிறார்கள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுக்க வேண்டும். கிழவர் அவன் முதுகில் இரண்டு கைகளையும் வைப்பார். நினைவு அவனுக்குள் இறங்கும்.

இறங்கிய நினைவு கிழவரிடம் தங்குவதில்லை, அவரை விட்டுப் போய்விடுகிறது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அவர் முதலில் கொடுப்பது எது? பனி மூடிய மலைச்சரிவில் ஒரு சறுக்கு வண்டியில் வழுக்கி இறங்கும் நினைவு. முகத்தில் குளிர் அடிக்கிறது, வேகத்தில் நெஞ்சு குளிர்கிறது. பையனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்கப்புறம் வெயில். அதற்கும் அப்புறம்தான், முதல் வலியாக, வெயிலில் தோல் எரிவது. சில நாள் கழித்து அதே சறுக்கு வண்டி, அதே மலை, ஆனால் இந்த முறை வண்டி தடம் புரண்டு கால் முறிகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். மகிழ்ச்சி இருந்த இடத்திலேயே வலியும் இருக்கிறது என்பதைக் கிழவர் வாயால் சொல்லவே இல்லை, ஒரே மலையில் இரண்டு தடவை ஏற்றிக் காட்டிவிட்டார்.

நன்னூலில் பவணந்தி முனிவர் நல்லாசிரியனை நிலத்துக்கு ஒப்பிடுவார். பொறுமையைச் சொல்லிவிட்டு, பருவத்துக்கும் முயற்சிக்கும் தக்க அளவில் விளைச்சல் தருவதையும் நிலத்தின் குணமாகச் சேர்ப்பார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோகிற வரி அது. எனக்கு அது புரிந்தது இந்த நாவலைப் படித்த பிறகுதான். சறுக்கு வண்டியில் தொடங்கிய கிழவர் பருவம் பார்த்து விளைகிற நிலம்.

ஆகாத ஆசிரியர்களுக்கும் பவணந்தி நான்கு உவமை சொல்கிறார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. கழற்குடம் என்றால் கழற்சிக்காய் நிரப்பிய குடம். கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கொட்டும். பருத்திக்குண்டிகை, பஞ்சு அடைத்த குடுக்கை. அடைப்பதும் சிரமம், எடுப்பதும் சிரமம். நம் பர்மாத் தமிழ்க் குடும்பங்களில் நான் பார்த்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டில் ஒருவர்தான். என் தாத்தா பருத்திக்குண்டிகை. 1942 பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அப்பத்தா கழற்குடம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஜோனஸ் ஒரு நாள் பாடத்துக்கு வரும்போது கிழவர் வலியில் முகத்தைக் கைகளில் புதைத்து உட்கார்ந்திருக்கிறார். எத்தனையோ நாள் அவர் அப்படி இருந்திருக்கிறார். அந்த நாட்களில் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு அவரால் முடியவில்லை. இந்த வலியில் கொஞ்சம் எடுத்துக்கொள் என்று கெஞ்சுகிறார். அவன் எடுத்துக்கொள்கிறான். அது போர்க்களத்தின் நினைவு. சாகக் கிடக்கும் ஒரு சின்னப் பையன் தண்ணீர் கேட்கிறான். முடிந்த பிறகு கிழவர் ஜோனஸின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டு, மன்னித்துவிடு என்கிறார்.

ஏன் மன்னிப்பு? போர் நினைவைக் கொடுத்தது தப்பு என்றா? இல்லை. என்றைக்காவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். அன்று அவர் கொடுத்தது பையன் அறிய வேண்டும் என்பதற்காக இல்லை, தன் பாரம் இறங்க வேண்டும் என்பதற்காக. கொடுத்த நினைவு கொடுத்தவரை விட்டுப் போய்விடும் என்று சொன்னேன் அல்லவா? லோரி அப்படி ஓர் ஏற்பாட்டைக் கதையில் வைத்ததால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாகிறது. ஆசிரியருக்குப் பாரம் குறையக் குறைய மாணவனுக்குக் கூடுகிறது. அப்படியிருக்க, இதைச் சொல்வது யாருக்காக, அவனுக்காகவா எனக்காகவா என்று ஒவ்வொரு முறை கை வைப்பதற்கு முன்னும் அவர் தன்னையே கேட்டாக வேண்டும். அன்று ஒரு நாள் கேட்கவில்லை.

என் அப்பத்தாவும் கேட்டதில்லை. எனக்குப் பதினொரு வயது. 1971. கடை 64-இல் போயிருந்தது. அப்பா ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சித்தப்பா கப்பல் ஏறி மெட்ராஸ் போயிருந்தார். ராத்திரி நான் அப்பத்தாவுக்குக் கால் அமுக்கிவிடுவேன். அப்போதுதான் குடம் கவிழும். 1942-இல் பியேயில், அவள் சொல்வதுபோல் 'புரோமில்', ஐராவதிக் கரை முழுக்க நம் ஜனம் குவிந்து கிடந்தது. காலரா. ஆற்றைத் தாண்டி அரக்கான் மலைப்பாதையில் ஏறினார்கள். வழி நெடுக விட்டுப்போன பெட்டிகள், பாத்திரங்கள். எனக்கு ஓர் அத்தை இருந்திருக்கிறாள், மூன்று வயது. மலையில் இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு, மூன்றாம் நாள் இல்லை. ஓடைக்கரையில் புதைத்துவிட்டு, மேலே போக மனமில்லாமல் திரும்பி வந்துவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அப்பத்தா நிம்மதியாகத் தூங்குவாள். நான் விழித்துக் கிடப்பேன். அந்த வருஷம் முழுக்க எங்கு தண்ணீர் குடித்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்றே எனக்குத் தெரியாது.

அப்பத்தாமேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு யாரிடம் சொல்லியிருப்பாள்? தாத்தா கேட்க மாட்டார். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அந்த வீட்டில் ஓடிப்போக முடியாத காது எனது ஒன்றுதான்.

பெற்றவர்கள் கேட்காத இடத்தில் பேரப்பிள்ளைமேல் வந்து விழுவது நம் வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை. தான் வாழாத, ஆனால் தன் நினைவைப் போலவே அழுத்துகிற முந்தைய தலைமுறையின் அனுபவத்துக்கு மரியான் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் ஒரு பெயரே வைத்தார். தமிழில் பின்நினைவு என்று சொல்லலாம். யூத அழிப்பில் தப்பியவர்களின் பிள்ளைகளை வைத்து அவர் அதைப் பேசினார். எனக்கு அந்த மலைப்பாதையைக் கண்ணை மூடினால் வரைய முடியும். நான் அங்கே போனதே இல்லை.

ஜோனஸுக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள், ரோஸ்மேரி. பத்து வருஷத்துக்கு முன் அதே பயிற்சிக்கு வந்தவள். ஐந்தே வாரம். அவளுக்கு உடம்பு வலியைக் கொடுக்கக் கிழவருக்கு மனம் வரவில்லை. ஆனால் தனிமையையும் இழப்பையும் பயத்தையும் கொடுத்தார். அவள் ஒரு நாள் போய், என்னை விடுவித்துவிடுங்கள் என்று கேட்டாள். அந்த ஊரில் விடுவிப்பு என்றால் சாவு. ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். அவள் தன் மகள் என்று கிழவர் ஜோனஸிடம் பிற்பாடுதான் சொல்கிறார். வகுப்பில் இந்தப் பகுதியைச் சொல்லும்போது அவசரப்படாதீர்கள். முடித்ததும் பிள்ளைகளைப் பேசவிடுங்கள், யாரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதிக வலியா, குறைந்த வலியா என்பதில் இல்லை விஷயம். ரோஸ்மேரி அந்த அறையை விட்டு வெளியே வந்தால் பேச ஓர் ஆள் கிடையாது. ஜோனஸுக்கும் கிடையாது. ஊர் அவனுக்குப் போட்ட விதிகளில், பயிற்சியால் வரும் வலிக்கு மருந்து கேட்கக் கூடாது, கனவைக்கூட யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. அவன் பொய் சொல்லலாம், யாரிடமும் எதையும் கேட்கலாம், ஆனால் இங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்ல முடியாது. தப்பு கிழவரிடம் இருப்பதைவிட அந்த ஏற்பாட்டில் அதிகம். ஊருக்கே உரிய நினைவை ஒரு பிள்ளையின் முதுகில் மட்டும் வைத்தார்கள்.

கடைசியில் கிழவரும் பையனும் போடும் திட்டம் இதைத்தான் சரிசெய்கிறது. ஜோனஸ் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். அவன் போனால் அவனிடம் இருக்கும் நினைவுகள் ஊர்மேல் திரும்பி விழும். கிழவரையும் கூட வரச் சொல்கிறான். அவர் மறுக்கிறார். நினைவுகள் வந்து விழும்போது ஜனங்கள் தவித்துப்போவார்கள், அவர்கள் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறார். எனக்கு ஆசிரியர் என்றால் அந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது. கொடுப்பதோடு அவர் வேலை முடியவில்லை.

ஒரு சின்ன இடம், நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. கிழவர் ஒரு பண்டிகை நாளின் நினைவைக் கொடுக்கிறார். வீடு, விளக்குகள், பரிசுகள், ஒரு குடும்பம். அதில் வயதான இருவரும் இருக்கிறார்கள். இவர்கள் யார் என்று ஜோனஸுக்குப் புரியவில்லை. அந்த ஊரில் வயதானவர்கள் தனி இல்லத்தில். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் பெற்றவர்களோடு தொடர்பே இல்லை. தாத்தா பாட்டி என்ற சொல்லை அவன் முதல் முறையாகக் கேட்கிறான். நம் பிள்ளைகளிடம் கேளுங்கள், அந்தச் சொல் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று. நாவலின் பயங்கரம் எல்லாவற்றையும்விட அது அவர்களுக்குச் சட்டென்று உறைக்கும்.

லோரிக்கு இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதும் சொல்லத் தகுந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த அவருடைய அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. லோரியின் அக்கா ஹெலன் இளம் வயதில் புற்றுநோயில் இறந்தவர். அப்பாவுக்கு அது மறந்துபோனது. வலி மறந்தால் நல்லதுதானே என்று தோன்றும் இடத்திலிருந்து அவர் யோசிக்கத் தொடங்கினார். நாவலின் முதல் பதிப்பின் அட்டையில் இருக்கும் தாடிக்காரக் கிழவர் ஓர் ஓவியர், பெயர் கார்ல் நெல்சன். பல வருஷம் முன்பு லோரியே எடுத்த படம். அந்த ஓவியருக்குப் பிற்பாடு பார்வை போய்விட்டது. நிறங்களோடு வாழ்ந்தவர், நிறங்களை நினைவில் மட்டும் வைத்துக்கொண்டவர். நிறமில்லாத ஊரில் நிறத்தைச் சுமக்கும் கிழவருக்கு அந்த முகம். இன்னொன்று: போர் முடிந்து சில வருஷத்தில், பதினொரு வயதில், அப்பாவின் ராணுவ வேலையால் லோரி டோக்கியோவில் இருந்தார். அமெரிக்கர்களுக்கென்று வேலி போட்ட குடியிருப்பு. சைக்கிளில் வாசலைத் தாண்டி ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். எந்த நாட்டு விமானங்கள் 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மேல் குண்டு போட்டு நம் ஜனத்தைச் சாலையில் இறக்கினவோ, அந்த நாட்டின் தெருக்களில் ஒரு சிறுமி சைக்கிள் மிதித்திருக்கிறாள். எனக்கு இது மனதை விட்டுப் போகாத செய்தி.

மற்ற நாவல்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. லோரியே 2000-இல் எழுதிய 'கேதரிங் புளூ'வில் ஊரின் வரலாறு முழுவதையும் வருஷத்துக்கு ஒரு முறை பாடும் ஒரு பாடகர் வருகிறார். கடைசியில்தான் தெரிகிறது, அவர் கால்களில் விலங்கு. நினைவை வைத்திருப்பவனைக் கைதியாக்கி வைத்திருக்கிறார்கள். 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் வரும் ஹேமிச், வருஷா வருஷம் இரண்டு பிள்ளைகளைச் சாவு விளையாட்டுக்குத் தயார் செய்து அனுப்பும் வேலைக்குக் கட்டாயமாக வைக்கப்பட்டவன். ஓயாமல் குடிப்பான். மூன்றாம் புத்தகத்தின் முடிவில், அவன் தயார் செய்து அனுப்பி, பிழைத்து வந்த காட்னிஸும் பீட்டாவும் செத்தவர்களைப் பற்றி ஓர் ஏடு எழுதுகிறார்கள். ஹேமிச்சும் வந்து சேர்ந்து, தான் இழந்த 23 வருஷத்துப் பிள்ளைகளைச் சொல்கிறான். அவனுடைய குடிக்கு அந்த ஏடுதான் விளக்கம். மூன்று பேர் உட்கார்ந்து எழுதியதால்தான் அவனால் வாய் திறக்க முடிந்தது.

சரி, 42-க்கும் 64-க்கும் வருவோம். சொல்லத்தான் வேண்டும். 1942-இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இந்த நாட்டை விட்டு ஓடினார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை ஆயின. மே 17-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பல் கப்பலாக ஜனம் போனது. கோயில் மண்டபத்தில் உங்கள் வகுப்பு நடப்பதற்குக் காரணமே அந்தக் காலம்தான். தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழுக்குக் கோயிலையும் வீட்டையும் விட்டால் இடம் இல்லை. இதெல்லாம் தெரியாமல் ஒரு பிள்ளை இந்த மண்டபத்தில் உட்கார்ந்து அ, ஆ எழுதினால் ஏன் எழுதுகிறோம் என்றே அதற்குத் தெரியாது.

ஆனால் சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும். நம் பெரியவர்கள் அடிபட்டதை மட்டும் சொல்வார்கள். 1930-இல் கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் 6 சதவீதம், வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்களிடம் இருந்தது. 1938 வாக்கில் அது 25 சதவீதம். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. லேவாதேவி செய்தவர்களில் பலர் நிலத்தை விரும்பி வாங்கவும் இல்லை. இருந்தாலும் நிலம் போன பர்மிய விவசாயிக்கு ஒரு பேரன் இருக்கிறான். உங்கள் மாணவனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வீட்டிலும் ஓர் அப்பத்தா இருந்திருப்பாள். அவளும் ராத்திரியில் ஏதோ சொல்லியிருப்பாள். இரண்டு பையன்களுக்கும் இரண்டு கதையும் தெரிய வேண்டும். நம் காயத்தை மட்டும் கொடுத்தால் அது நினைவு இல்லை, வன்மம்.

எப்படிச் சொல்வது என்று கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒற்றைப் பிள்ளையைக் கூப்பிட்டு ராத்திரியில் சொல்லாதீர்கள். பகலில், எல்லாரும் சேர்ந்திருக்கும்போது சொல்லுங்கள். கேட்டுவிட்டு அந்தப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள முடிய வேண்டும். அந்தக் கேள்வி கேட்ட அம்மாவையும் வந்து உட்காரச் சொல்லுங்கள். சொல்கிற பெரியவர் அடுத்த வாரமும் வர வேண்டும். கொட்டிவிட்டுப் போகிறவர் என்றால் வேண்டாம். உங்களுக்கு அன்று மனம் சரியில்லை என்றால் வேறு பாடம் நடத்துங்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். என்னைவிட ஆறு வயது பெரியவள், கல்யாணமாகி மோல்மீனில் இருக்கிறாள். அப்பத்தா போய்ப் பல வருஷம் கழித்து, ஒரு திவசத்தின்போது சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே நான் அந்த ஓடைக்கரையைப் பற்றிப் பேச்செடுத்தேன். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "உங்கிட்ட புதைச்சதாவா சொல்லிச்சு?" என்று கேட்டாள். அப்பத்தா எனக்குச் சொன்ன அந்த வருஷத்தில் அக்காவுக்குப் பதினேழு வயது. அவளிடம் அப்பத்தா வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். புதைக்கவில்லை. புதைக்க நேரமும் இல்லை, மண்ணைத் தோண்ட ஒன்றும் இல்லை. சேலையால் மூடி, பாதையோரம் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள்.

கழற்குடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அப்பத்தா வயது பார்த்திருக்கிறாள். பதினொரு வயதுக்காரனுக்கு ஓர் ஓடைக்கரையையும் ஒரு குழியையும் கொடுத்திருக்கிறாள். மீதியைப் பெரியவளிடம் வைத்திருக்கிறாள். அக்கா அதை முப்பது வருஷம் தனியாக வைத்திருந்தாள். நான் என் பாதியைத் தனியாக வைத்திருந்தேன். பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அன்று அக்கா இன்னொன்றும் சொன்னாள். அப்பத்தா அவளிடம் அத்தையைப் பற்றி முதல் முதலில் பேசியது மலையைப் பற்றி இல்லையாம். 1941 ஏப்ரல், தண்ணீர்த் திருவிழா. இரண்டு வயது அத்தை ஒரு வெள்ளிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, தெருவில் போன ஒரு பர்மியப் போலீஸ்காரரின் காலில் தண்ணீர் ஊற்றினாளாம். அவர் குனிந்து தன் தலையைக் காட்டினாராம், இன்னொரு கிண்ணம் ஊற்று என்று. அத்தைக்குச் சிரிப்பு அடங்கவே இல்லையாம்.

வகுப்பில் நீங்கள் 42-ஐத் தொடங்கும்போது இந்த வெள்ளிக் கிண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் கேட்டுவிட்டேன், சொல்லலாம் என்றாள். மரத்தடியைச் சொல்ல வேண்டிய வாரம் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மோல்மீனிலிருந்து அக்காவை அழைத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து சொல்கிறோம்.